துணி எடுத்த புண்ணியவான்

துணி விஷயத்தில் தன்னை யாரும் அசைக்க முடியாது என்பது கொள்முதல் அதிகாரியின் நினைப்பு. மருத்துவமனை நர்சுகளுக்குப் போன வருஷம் சீருடைத் துணி எடுத்தவர் அவர்தான். எடுத்த லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாதிரித் துணியைக் கைக்குள் கசக்கிப் பார்த்தார், சுருக்கம் விழவில்லை. தண்ணீர் தெளித்தார், முத்து முத்தாக உருண்டு ஓடியது. அதில் சட்டை தைத்து நாள் முழுக்கப் போட்டும் பார்த்தார், ஏசி அறையில், நாற்காலியை விட்டு எழாமல். தண்ணீரை உள்ளே விடாத துணி வேர்வையை மட்டும் எப்படி வெளியே விடும் என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

எட்டியது வீட்டில்தான். அவர் மனைவி அதே மருத்துவமனையில் நர்ஸ். கழுத்தெல்லாம் வேர்க்குரு. அதைவிட எரிச்சல், ‘இந்தத் துணியை எடுத்த புண்ணியவான்’ என்று ஆரம்பித்து சக நர்சுகள் தினமும் அவருடைய ஏழு தலைமுறையையும் வார்டுக்கு இழுத்துவந்ததுதான். அலுவலகம் வேறு தெருவில் இருந்ததால் அவர் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. அவளும் மூச்சு விடவில்லை.

“வீட்டுக்காரர் என்ன பண்றார்னு கேட்டா, ஏதோ ஆபீஸ்ல இருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன்,” என்றாள் ஒரு நாள்.

கட்டிய மனைவியே சொல்லக் கூசும் கணவனாகிவிட்டோமே என்று வருந்தினார். இந்த வருஷமாவது ‘இவர்தான்’ என்று அவள் நாலு பேரிடம் காட்டும்படி ஒரு துணி எடுத்தாக வேண்டும்.

புது மாதிரிகளைத் தானே உடுத்திக்கொண்டு வார்டில் வேலை செய்து பார்ப்பது என்று கிளம்பினார். வேண்டாம் என்று மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கடைசியில், வந்தால் தன்னைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். அவரும் துணிக்கடையிலிருந்து வருவதாகத்தான் வார்டில் சொல்லிக்கொண்டார். உண்மையைச் சொல்லும் அளவுக்குத் தைரியசாலி இல்லை.

முதல் நாள், இருந்ததிலேயே மெத்தென்ற துணியில் தைத்த சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொண்டார். இழுத்த இழுப்புக்கு வந்தது. தொப்பைக்கு இவ்வளவு அனுசரணையான துணியை அவர் கண்டதே இல்லை. தலைமை நர்ஸ், தாங்கள் சுமக்கும் கத்தரிக்கோல், டேப், செல்போன் எல்லாவற்றையும் அவர் பேண்ட் பாக்கெட்டிலும் போடச் சொன்னார். கனம் ஏறியதும் துணி இளகி இறங்கத் தொடங்கியது. அவரும் ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றக் கைகொடுக்கக் கூப்பிட்டார்கள். நோயாளி நல்ல கனம். அதிகாரி இரண்டு கைகளாலும் அவரைத் தாங்கித் தூக்கியபோது பேண்ட் தன்பாட்டுக்குக் கீழே கிளம்பியது. நோயாளியை விடலாமா, மானத்தை விடலாமா என்று வந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு நோயாளியை விடாமல் நின்றார். அதற்கு மட்டும் அவரைப் பாராட்டலாம்.

பின்னாலிருந்து ஒரு கை பேண்ட்டைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தது. நோயாளி பத்திரமாக உட்காரும்வரை விடவில்லை. திரும்பிப் பார்த்தார். மனைவி.

“என்னக்கா, யாரோ ஒருத்தர் பேண்ட்டைப் போய்ப் பிடிச்சிட்டிருக்கீங்க?” என்றாள் ஓர் இளம் நர்ஸ்.

மனைவி அப்போதும் கையை எடுக்கவில்லை.

“யாரோ இல்ல. எங்க வீட்டுக்காரர். நாம போட்டிருக்கிற இந்தத் துணியை எடுத்தவரும் இவர்தான்.”

வார்டே அவர் பக்கம் திரும்பியது. அவருக்கு மானம் போனதுபோலவும் இருந்தது, சந்தோஷத்தில் அழுகை வரும்போலவும் இருந்தது. தலைமை நர்ஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரை நோக்கி வந்தார். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

“இருங்க சிஸ்டர். திட்டுறவங்க வரிசையில வாங்க,” என்றாள். “முதல்ல நான்.”