அகத்தி ஒன்றுதான் ஆகாது என்றிருந்தாள்

டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. சோலையப்பன் அதைப் பார்த்தபடியே இருந்தான். குனிந்து எடுக்க வலது கை வரவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாக்கு குழறியது.

சற்று நேரத்தில் கை சரியாகிவிட்டது. "ஒண்ணுமில்லடி, மரத்துப்போச்சு" என்றான். அவன் மனைவி சுடர்விழி கேட்கவில்லை. கறம்பக்குடியில் ஒரு காரைப் பிடித்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்ததிலிருந்து, ரத்தம் கட்டாமலிருக்க அவனுக்கு மாத்திரை. மாடு, வயல், அடுப்பு எல்லாம் அவள் தலையில் விழுந்த பிறகும் அதை மட்டும் ஒருவேளைகூட அவள் மறந்ததில்லை. அலுப்பு எலும்புவரை இறங்கியிருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார்.

"மாத்திரை வேலையே செய்யலையே. விட்டுட்டாரா?"

"இல்லீங்க, என் கையாலதான் குடுக்குறேன்."

"சாப்பாட்டுல ஏதும் மாத்துனீங்களா?"

சுடர்விழிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "அதெல்லாம் கவனமா இருக்கேங்க. மருந்த முறிச்சிரும்னு அகத்திக்கீரைய வாசப்படிகூடத் தாண்ட விடுறதில்ல."

"மத்த கீரை?"

"முருங்கைக்கீரை இப்ப ஒரு மாசமா தெனமும் குடுக்குறேங்க. அதுல குவெர்செடின்னு ஒண்ணு இருக்காம், ரத்தக்கொழாய்க்கு நல்லதாம். எங்க நாத்தனா வனிதாதான் போன்ல அனுப்புச்சு."

"காலையில பொரியல், மத்தியானம் கூட்டு, ராத்திரி சூப்பு" என்றான் கட்டிலில் கிடந்த சோலையப்பன். "ஆடு தோத்துச்சுங்க டாக்டர்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"குவெர்செடின் நல்லதுதாம்மா. வெங்காயத்துல இருக்கு, கொய்யாவுல இருக்கு. ஆனா முருங்கைக்கீரையில கே வைட்டமினும் நெறைய இருக்கு. ரத்தம் உறையுறதுக்கு அது வேணும். அதை அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை. நீங்க திடீர்னு கீரைய அள்ளிக் குடுத்தா மாத்திரை என்ன பண்ணும்?"

சுடர்விழி சுவரில் சாய்ந்தாள். "அப்ப நாந்தான்..."

"தெரியாமச் செஞ்சதுதானே. ஸ்கேன்ல பாதிப்பு தெரியல. ஊசி போட்டு ரெண்டு நாள் வச்சுப் பாக்குறோம். கீரைய அடியோட நிறுத்தவும் வேணாம். கொஞ்சமா, எல்லா வாரமும் ஒரே அளவா இருக்கட்டும். மாத்துறதா இருந்தா எங்களக் கேட்டுட்டு மாத்துங்க."

அவர் போனதும் சோலையப்பன் அவளைக் கூப்பிட்டான். "நல்லதுன்னுதானடி குடுத்த. விடு."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அவன் வலது உள்ளங்கையில் தன் விரல்களைத் திணித்தாள்.

"புடிங்க."

பிடித்தான்.

"இன்னும் அழுத்துங்க."

"ஒனக்கு வலிக்குமேடி."

"வலிக்கட்டும், அழுத்துங்க."