பலகை பிடித்தவன்

மதுக்கரையில் பாலக்காடு ரோட்டை ஒட்டி கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறை வைத்திருந்தான் எழில். ஆள் நல்ல வாட்டசாட்டம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கேட்டை ஒற்றை ஆளாக நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிடுவான். அவன் மனைவி கிருபா அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தாள்.

அவள் டேக்வாண்டோவுக்குப் போனது ஆஸ்பத்திரியால்தான். ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு நர்ஸிடம் எவனோ வம்பு செய்துவிட, நிர்வாகம் பெண்களுக்கெல்லாம் ஒரு தற்காப்பு முகாம் ஏற்பாடு செய்தது. சொல்லிக்கொடுக்க வந்தவள் மோகனப்பிரியா. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பத்துப் பெண். குனியமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் வகுப்பு நடத்தினாள். எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

முகாமின் முதல் நாள், மாஸ்டர் மெத்தை மாதிரி ஒரு திண்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் குத்தச் சொன்னாள். எல்லோரும் கையை மட்டும் வீசினார்கள். கிருபா குத்தியதும் மாஸ்டர் நிறுத்தி, இதற்கு முன்னால் எங்கேயாவது கற்றுக்கொண்டாயா என்று கேட்டாளாம். இல்லை, படுத்திருக்கும் நோயாளியைத் தூக்கும்போது கையால் தூக்கினால் முதுகு போய்விடும், காலை ஊன்றி இடுப்பைத் திருப்பித்தான் தூக்குவோம், அந்தப் பழக்கமாக இருக்கும் என்றாளாம் கிருபா. முகாம் முடிந்ததும் மற்றவர்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். கிருபா மட்டும் குனியமுத்தூருக்குப் போய் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டாள்.

எழில் முதலில் சிரித்தான். ஒரு மாதத்தில் சலித்துப்போகும் என்று நினைத்தான். வருஷங்கள் போயின. பெல்ட்டின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு அவளைக் கூட்டிப்போக வரும் எழில், ஹாலின் ஓரத்தில் நாற்காலி போட்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் மாஸ்டர் அவனிடம் வந்து, “ஏனுங்ணா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, வந்து பலகையைப் புடிங்க. எங்களுக்கு அசையாத ஆள் வேணுமுங்க” என்றாள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் பலகை பிடிக்கிற வேலை அவனுடையதாயிற்று.

பலகை என்றால் மர மில்லில் வாங்கும் பைன் மரத் துண்டு. மேலும் கீழும் கையால் பற்றி, நெஞ்சுக்கு நேரே நீட்டி, முழங்கையைப் பூட்டி, சிராய் கண்ணில் தெறிக்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கவேண்டும். எதிரே நிற்பவர் அதைக் குத்தியோ உதைத்தோ உடைக்கவேண்டும். பிடிக்கிறவனுக்கு ஆளைப் பார்க்க வேண்டியதே இல்லை. யார் அடித்தாலும் உள்ளங்கையே சொல்லிவிடும். சசிதர் என்று ஒரு பையன், ஜிம்மில் உடம்பை ஏற்றியவன், ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவன் குத்தினால் எழிலே ஓரடி பின்னால் போவான், பலகை மட்டும் முழுசாக இருக்கும். கிருபா குத்தினால் எழில் நின்ற இடத்திலேயே நிற்பான். கைக்குள் சுருக்கென்று ஒன்று ஓடும், அவ்வளவுதான். பலகை இரண்டாகியிருக்கும்.

அது எப்படி என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் எல்லோரும் போன பிறகு தானும் குத்திப் பார்த்தான். இரும்பு தூக்குகிற கைதானே, உடையாமலா போகும் என்று நினைத்தான். உடையவில்லை. விரல் முட்டி தோலுரிந்ததுதான் மிச்சம். மாஸ்டர் சிரிக்காமல் விளக்கினாள். நீங்கள் தள்ளுகிறீர்கள், அடிக்கவில்லை என்றாள். அடி தரையிலிருந்து வரவேண்டும். முட்டி லேசாக மடங்கி, உடம்பு கொஞ்சம் எழும்பி, அது இறங்குகிற அதே நேரத்தில் குதிகாலும் இடுப்பும் திரும்பவேண்டும். இடுப்புக்குப் பிறகு தோள், தோளுக்குப் பிறகு முழங்கை, எல்லாவற்றுக்கும் கடைசியாக முஷ்டி. ஒரு கை முன்னால் போகும்போது மறு கை அதே வேகத்தில் இடுப்புக்கு வந்துவிடவேண்டும். போகிற வழியெல்லாம் கை தொளதொளவென்று இருக்கவேண்டும், பலகையைத் தொடுகிற அந்த ஒரு நொடிதான் இறுக்கம், அப்போதே மூச்சும் வெளியே. இறுக்கிக்கொண்டே போனால் வேகம் வராது. வேகம் வராத பலம் பலகைக்குத் தெரியாது.

எழில் கேட்டுக்கொண்டான். பலமுறை முயன்றும் அந்த வரிசை அவனுக்கு வரவில்லை. இடுப்பு திரும்புவதற்குள் கை போய்விடும். இவ்வளவையும் அந்தச் சின்ன உடம்பு ஒரு மூச்சுக்குள் ஒன்று சேர்க்கிறது என்பதை நினைக்க அவனுக்குப் பிரமிப்பாக இருந்தது. அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடம்தான் சொன்னான்.

பிளாக் பெல்ட் தேர்வு நெருங்கியது. இரண்டு பலகையைச் சேர்த்து வைத்து முஷ்டியால் ஒருமுறை, பக்கவாட்டு உதையால் ஒருமுறை என்று உடைக்கவேண்டும். பயிற்சியில் கிருபா உடைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு சனிக்கிழமை பலகைக்குள் ஒரு கணு இருந்திருக்கிறது, வெளியே தெரியவில்லை. கிருபா முழு வேகத்தில் குத்தினாள். பலகை உடையவில்லை. கை வீங்கிவிட்டது. மறுநாள் வார்டில் ஒரு கைக்குழந்தைக்கு நரம்பு பார்த்து ஊசி போட முடியாமல் வேறொரு நர்ஸைக் கூப்பிட வேண்டியிருந்தது என்று வந்து சொன்னாள். எழில் அந்தக் கையைப் பிடித்து மருந்து தடவிவிட்டான். அவள் விரலை மடக்கும்போது முகம் சுளித்ததை அவனால் பார்க்க முடியவில்லை.

வீக்கம் வடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு பலகை உடையவே இல்லை. இரண்டு பலகை வேண்டாம், ஒன்றே போதும் என்று வைத்தாலும் சில நாள் உடைந்தது, பல நாள் உடையவில்லை. கிருபா தன் இடுப்பு தாமதமாகத் திரும்புகிறது என்று நினைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று குதிகாலைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினாள். இன்னும் ஓங்கி அடி என்றான் சசிதர். அப்படி அடிக்கப்போய்த் தோள் இறுகியது, இருந்ததும் கெட்டது. மாஸ்டருக்கும் குறை எங்கே என்று தெரியவில்லை. அவள் கண்ணும் கிருபாவின் காலிலும் இடுப்பிலும்தானே இருந்தது. கடைசியில் கிருபா, இந்த வருஷம் தேர்வு வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். எழில் சரி என்றான். அவனுக்கும் ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் பட்டறையில் வளைந்த இரும்பு ஆங்கிள் சட்டம் ஒன்றை நிமிர்த்த வேண்டியிருந்தது. அடிப்பதற்கென்று அவனிடம் ஒரு தண்டவாளத் துண்டு உண்டு. வழக்கமாக அது தரையில் சிமெண்டுக் கட்டையின் மேல் கிடக்கும். அன்று அந்த இடத்தில் பெரிய கேட் ஒன்று கிடந்ததால், துண்டை ஒரு பழைய லாரி டயர் மேல் தூக்கி வைத்து அடித்தான். ஆங்கிள் நிமிரவில்லை. ஓங்கி அடித்தான். சம்மட்டி துள்ளியது, மணிக்கட்டு வலித்தது, ஆங்கிள் அப்படியே இருந்தது.

வெல்டர் ஐயாசாமி வேலையை நிறுத்திவிட்டு, “டயர் மேல வெச்சா எப்படிங்ணா நிமிரும்? அடியை எல்லாம் டயரே குடிச்சுபோடுதே” என்றார்.

எழில் டயரைத் தள்ளிவிட்டுத் துண்டைத் தரையில் போட்டான். ஒரே அடி, நிமிர்ந்துவிட்டது. அவன் சம்மட்டியோடு அப்படியே நின்றான். அடியில் குறையில்லை. தாங்குகிற இடம் இளகிக் கொடுத்தால் எந்த அடியும் வீண்தான். அவன் மனம் பட்டறையில் இல்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வகுப்பில், கடைசியாக ஒருமுறை குத்திப் பார் என்று கிருபாவை அவனே கூப்பிட்டான். வழக்கம்போல முகத்தைத் திருப்பினான், ஆனால் கடைக்கண்ணால் தன் முழங்கையையே கவனித்தான். அவள் இடுப்பு திரும்பியதும், முஷ்டி வந்து சேர்வதற்கு ஒரு கணம் முன்னால், அவன் முழங்கை தானாக மடங்கியது. பலகை நெஞ்சுப் பக்கம் வந்தது. விழுகிற குழந்தையை ஏந்தப் போகிற கை மாதிரி அது அவள் முஷ்டியை ஏந்திக்கொண்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் கோவைப்புதூர் பிரிவில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, பார்த்ததைச் சொன்னான். டயரையும் சொன்னான். தெரிந்து செய்யவில்லை என்றான். அந்தக் கணுவில் அவள் கை அடிபட்ட நாளிலிருந்து, அவள் கை வரும்போதெல்லாம் தன் கை இப்படித்தான் செய்திருக்கிறது என்றான்.

கிருபா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்த்தான்.

“அப்ப என் இடுப்பு சரியாத்தானுங்க இருக்குது” என்றாள் மெதுவாக. “இத்தனை நாளா அதைத்தான் திட்டிட்டு இருந்தேன்.”

“உனக்கு நோவுமேன்னுதான் கண்ணு...”

“உடையாத பலகைதானுங்க நோவும். உடைஞ்சா ஒண்ணுமே தெரியாது, காத்துல குத்துன மாதிரி இருக்கும். எனக்கு நோவக்கூடாதுன்னு நீங்க இழுக்க இழுக்கத்தான் எனக்கு நோவு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்து, தான் தேர்வுக்கு வருவதாக மாஸ்டருக்குப் போன் செய்யச் சொன்னாள்.

அடுத்து வந்த வகுப்புகளில் அவள்தான் அவனுக்கு நிற்கச் சொல்லிக்கொடுத்தாள். பின்னங்காலை ஊன்றுங்கள், முட்டியைப் பூட்டாதீர்கள், பலகையை எனக்கு எதிராகக் கொஞ்சம் கொண்டுவாருங்கள், நான் மூச்சு விடும்போது நீங்களும் விடுங்கள். அடிக்கிறவள் செய்வதைத்தான் பிடிக்கிறவனும் செய்யவேண்டியிருந்தது. சில தடவை அவன் அசையாமல் நின்றான், பலகை வெடித்தது. சில தடவை கை பழைய வேலையைக் காட்டியது. தேர்வுக்கு இது ஆகாது என்று எழிலுக்கே தெரிந்தது. மாஸ்டரிடம் போய், “என் கை எம்பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்க. அன்னைக்கு சசிதர் புடிக்கட்டும்” என்று அவனே சொல்லிவிட்டான். கிருபா அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தேர்வு பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மெட்ராஸிலிருந்து வந்த தேர்வாளர் மேடையில் உட்கார்ந்திருந்தார். எழில் கூட்டத்தோடு கூட்டமாக முன்வரிசையில் உட்கார்ந்தான். கிருபாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து நின்று தூரம் பார்த்தாள். முஷ்டியை மெதுவாக நீட்டிப் பலகையைத் தொட்டுவிட்டு எடுத்தாள். தோளைக் குலுக்கி உதறினாள்.

பிறகு நடந்ததை அவன் வாழ்க்கையில் முதல் முறையாக முழுசாகப் பார்த்தான். இத்தனை வருஷம் அவள் அடிக்கும்போதெல்லாம் அவன் முகம் வேறு பக்கம் இருந்தது. முட்டி மடங்கியது. உடம்பு லேசாக எழுந்தது, கடலைப் பார்க்கப் போனபோது பார்த்தானே, அலை கரைக்கு முன்னால் ஒருமுறை நிமிருமே, அப்படி. இறங்கியபோது குதிகால் திரும்பியது, இடுப்பு திரும்பியது, இடது கை சட்டென்று இடுப்புக்கு வந்தது. வலது கை கடைசிவரை சும்மா வந்தது. அதில் பலம் இருப்பதாகவே தெரியவில்லை. பலகையைத் தொட்ட நேரத்தில் உடம்பு முழுக்க ஒன்றாகி, சிறு சத்தத்தோடு மூச்சு வந்தது. இரண்டு பலகையும் உடைந்து போயின. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. மண்டபம் கை தட்டியது. எழில் தட்ட மறந்துவிட்டான்.

உதை முதல் தடவை சரியாக வரவில்லை. ஒரு பலகை உடைந்தது, மற்றது விரிசலோடு நின்றுவிட்டது. பலகையைப் பிடித்திருந்த சசிதரின் முகம் அவளைவிட வெளிறியிருந்தது. இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார் தேர்வாளர். புதுப் பலகைகள் வந்தன. இப்போது ஓங்கி உதைக்கப் போகிறாள், இறுக்கப் போகிறாள் என்று எழில் பயந்தான். அவள் சசிதரைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு மூச்சு இழுத்து விட்டாள். முட்டியை நெஞ்சுவரை தூக்கினாள், ஊன்றிய கால் தரையில் முழுசாகத் திரும்பி அதன் குதிகால் பலகையைப் பார்த்தது, இடுப்பு புரண்டது, உதை போனது. சசிதர் அசையவில்லை. பலகையில் ஒரு பாதி வழுக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு அடியில் போய் நின்றது.

சாயங்காலமே முடிவைச் சொல்லிவிட்டார்கள். தேர்ச்சி. மாஸ்டர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டியதும் இளநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினார்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்தது. கிருபாவின் தலைமுடி முகத்தில் பறந்தது, அவள் ஒரு கையால் அதை ஒதுக்கிக்கொண்டு குடித்தாள்.

எப்படி இருந்தது என்று கேட்டாள். எழில் சொல்ல முயன்றான். எங்கே தொடங்கினாலும் சரியாக வரவில்லை. “காலுல இருந்து வந்துச்சு கண்ணு. நான் பாத்தேன்” என்றான். இளநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “மொத உதையில ஊனுன கால் பாதிதான் திரும்புச்சு. ரெண்டாவதுலதான் முழுசா திரும்புச்சு” என்றான்.

அவள் இளநீரை இறக்கிவிட்டு அவனையே பார்த்தாள்.

“அதையுமா பாத்தீங்க? எனக்கே தெரியலைங்களே.”

“நல்லாத் தெரிஞ்சுது.”

“அப்ப இனி நீங்க புடிக்க வேண்டாமுங்க” என்றாள். “எதுத்தாப்பல நின்னு பாருங்க. பாத்து, என்ன தப்புன்னு எனக்குச் சொல்லுங்க.”

சரி என்றான். கடைக்காரர் வழுக்கை வேண்டுமா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் வெட்டச் சொன்னாள் கிருபா. பசியாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சமைக்க முடியாது, போகிற வழியில் எங்கேயாவது பரோட்டா சாப்பிடலாம் என்றும் சொன்னாள்.