வளை நெல்

“எலி கிலி ஏதாவது தொட்டீங்களா?” என்று டாக்டர் தங்கப்பாண்டியன் கேட்டபோது நான் கட்டிலுக்குப் பின்னால் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்த முத்துவீரன் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, “இல்லங்கய்யா, வரப்பு வெட்டுற வேலதான்” என்றார். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார்.

என் பெயர் ஹெப்சிபா. எலிகளிடமிருந்து மனிதர்களுக்கு வரும் ஹான்டா என்ற வைரஸைப் பற்றிய ஆராய்ச்சியில் கள ஆய்வாளர். இராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வெட்டும் கூடம் ஒன்றின் மாடியில் அறை. வேலை முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி. எலியின் மூத்திரம் காய்ந்து தூசியோடு கலக்கும். அந்தத் தூசியை மூச்சில் இழுத்தவருக்குக் காய்ச்சல் வரும். சிலருக்கு உள்ளே ரத்தம் கசியும், சிறுநீரகம் நின்றுபோகும். கருத்தரங்கில் இதைப் படம் போட்டு விளக்கிக் கைதட்டு வாங்கியவள் நான். முத்துவீரனின் ஊரான வன்னியம்பட்டியில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கூண்டு வைத்துத்தான் எலி பிடிக்க வேண்டும், பயிற்சி பெற்றவர்கள்தான் தொட வேண்டும் என்பது எங்கள் விதி. கருவாடும் தேங்காய்ச் சில்லும் வைத்துப் பத்து நாள் காத்ததில் விழுந்தவை மூன்று. மாதம் நாற்பது வேண்டும். அந்த நேரத்தில்தான் முத்துவீரன் கிடைத்தார். வளையில் புகை போட்டு, மண்வெட்டியால் வெட்டி, ஒரே காலையில் பதினோரு எலிகளை உயிரோடு பிடித்துத் தந்தார்.

எலி வளைக்குள் சேர்த்து வைத்திருக்கும் நெல் வளையை வெட்டியவருக்குச் சொந்தம். அது அங்கே வழக்கம். அவரும் அள்ளிக்கொண்டு போனார். எலியின் மூத்திரத்திலேயே கிடந்த நெல் அது. வீட்டில் சுளகில் போட்டுப் புடைக்கும்போது தூசி நேராக மூக்குக்குள் போகும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் மறுநாள் வரமாட்டார். அதனால் சொல்லவில்லை. நான் மட்டும் எதற்கு முகக்கவசம் போடுகிறேன் என்று கேட்டார். எனக்குத் தூசி ஆகாது என்றேன். யார் கேட்டாலும் எலி பிடிப்பதாகச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். இரண்டு முறை திருத்தினேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன், காதுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஆய்வக முடிவு வந்தது. அவர் பிடித்த எலிகளில் இரண்டின் ரத்தத்தில் ஹான்டாவின் தடயம். பேராசிரியர் போனிலேயே பாராட்டினார். நான் கீழே இறங்கிப் போய் காஸ் கூடத்துப் பெண்களுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தேன். முத்துவீரனுக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. இல்லை, அதுவும் பொய். தோன்றியது. அந்த மாதக் கணக்குக்கு இன்னும் ஒன்பது எலி பாக்கி இருந்தது.

இப்போது அவருக்குக் காய்ச்சல் ஐந்தாம் நாள். கண்ணின் வெள்ளை ரத்தமாகச் சிவந்திருந்தது. டெங்கு இல்லை என்று முடிவு வந்துவிட்டது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருக்க, முந்தின நாளிலிருந்து மூத்திரம் சரியாகப் பிரியவில்லை. இது ஹான்டாவாக இருந்தால், அளவில்லாமல் ஏறும் தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும். அப்படி இருக்குமோ என்று சந்தேகப்படக்கூட அந்த வார்டில் என்னை விட்டால் ஆளில்லை. சொன்னால் என் வேலை போகும், ஆராய்ச்சியையே மூடினாலும் மூடுவார்கள். முந்தின நாளும் வந்து, இப்படியே பழத்தை வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அவர் மனைவி முத்தாத்தாள் பையை வாங்கிக்கொண்டாள். “வீட்டுல வளை நெல்லு இன்னும் அர மூட கெடக்கு டாக்டரம்மா. ஒங்களுக்குக் கொஞ்சம் பொடச்சுக் குடுக்கணும்னுதான் அன்னைக்கு இவுக சொளகும் கையுமா ஒக்காந்தாவ. பொறவுதான் காச்சல் வந்துட்டு” என்றாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். இராஜபாளையம் பஸ் நின்றிருந்தது, ஏறி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என்னால் என்னையே நம்பவைக்க முடியவில்லை. பஸ் நகரும்போது இறங்கினேன். கண்டக்டர் திட்டியது எனக்கு வேண்டியிருந்தது.

திரும்பிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கேக் வாங்கியதைத் தவிர. அவர் என்னைத் திட்டவில்லை. முதலில் ஓடிப்போய்க் குளுக்கோஸைக் குறைத்தார். பிறகு மதுரைக்குப் போன் போட்டு, டயாலிசிஸ் வேண்டியிருக்கலாம் என்று சொல்லி ஆம்புலன்ஸ் கேட்டார். எலியிடமிருந்து வந்த காய்ச்சலாக இருக்கலாம், நான்தான் வந்து சொன்னேன் என்று முத்துவீரனிடமும் முத்தாத்தாளிடமும் சொன்னார்.

முத்துவீரன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “நீங்கதான சொல்லக் கூடாதுன்னிய? ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?” என்றார். மூச்சு வாங்கியது. அழுவதற்குக்கூட அங்கே எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

“மொதல்லயே ஒங்களுக்குத் தெரியுமா?” என்று முத்தாத்தாள் கேட்டாள்.

“தெரியும்” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏறப்போனவளிடம், வீட்டில் இருக்கும் அந்த நெல்லை யாரும் தொடக் கூடாது என்றேன். அவள் முகம் வெளிறியது. மகள் ஜெயசித்ரா காலையிலேயே புடைக்க உட்கார்ந்துவிட்டாளாம்.

நான்தான் போன் போட்டேன். நீளமாக மணி அடித்த பிறகு எடுத்தாள். நான் எதுவும் சொல்வதற்குள் அவளே பேசினாள், நடுவில் இரண்டு தும்மல்.

“அம்புட்டும் பொடச்சு முடிச்சிட்டேன்க்கா. ஒங்க பங்கத் தனியாக் கட்டி வச்சிருக்கேன்.”