இறை என்னும் சொல்

மாரி மழை ஓய்ந்து கதிரவன் முகங்காட்டிய காலையில், வானின் விளிம்புவரை விரிந்த வயல்கள் நீர் சுமந்து ஒளிர, வரம்புகளிற் கொக்குகள் வெண்மலர் சொரிந்தாற்போல் அமர்ந்திருக்க, முள்ளியவளை என்னும் ஊர் தன் ஈரத்தை மெல்ல உலர்த்திக்கொண்டிருந்தது. அறிவுடையீர், அவ்வழகினை நோக்காது கதவடைத்து உள்ளே கிடந்தாள் ஒருத்தி. விமலேஸ்வரி என்னும் பெயரினளாகிய அவள், ஊர்ப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். பெருவெள்ளம் குளக்கட்டை உடைத்துப் பாய்ந்த நாளில், அயலாரின் மாடுகளை அவிழ்த்துவிடச் சென்ற தன் கணவன் பிரதாபனை அவ்வெள்ளத்துக்குப் பறிகொடுத்தவள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கடனும் முடிந்து, உற்றார் ஒவ்வொருவராய்த் தத்தம் ஊர் திரும்பிய பின், அடுப்பு மூட்டவும் உள்ளமின்றி, அழவும் இயலாது கல்லெனச் சமைந்திருந்தாள்.

அவ்வேளை, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு நெடுங்காலம் அயலூரில் வாழ்ந்து மீண்டு வந்த முஸ்லிம் துணி வணிகன் மனைவியும், அவளுக்கு அடுத்த வீட்டினளுமாகிய றாபியா, கஞ்சிக் கலத்தை ஏந்தியவளாய்க் கதவு திறந்து உள்ளே வந்தாள்.

"இறைவன் உங்களைக் கைவிடமாட்டான், ரீச்சர். கொஞ்சம் குடியுங்கோ."

"அந்தச் சொல்லை எனக்குச் சொல்லாதேங்கோ, றாபியாக்கா."

றாபியா கஞ்சிக் கலத்தைத் தரையில் வைத்தாள். "நீங்களும் நாங்களும் அந்தச் சொல்லைத்தான் சொல்லுறம். அதுக்குக் கருத்து என்ன எண்டு எனக்குத் தெரியாது."

கற்பித்துப் பழகிய நா, துயரையும் மீறித் தானே விடையிறுத்தது. "இறுத்தல் எண்டால் தங்குதல். அதிலயிருந்துதான் இறை எண்ட சொல் வந்தது எண்டு சொல்லுவினம். எல்லாத்துக்குள்ளயும் தங்கியிருக்கிறவன் இறைவன்." சொல்லி முடிக்குமுன்னரே அவள் குரல் உடைந்தது. "தங்கியிருக்கிறவன் வெள்ளம் வந்த அண்டைக்கு எங்க போனவன், அக்கா?"

ஆறுதல் மொழிகள் பல றாபியாவின் நாவில் எழுந்தன. வேரோடு பிடுங்கப்பட்டு அயலூரில் அலைந்த நாளில், அத்தகு மொழிகள் தன் நெஞ்சை எவ்வளவு வருத்தின என்பதை நினைந்து, அவற்றையெல்லாம் விழுங்கினாள்.

"அது எனக்கும் தெரியாது, ரீச்சர். நான் இண்டைக்கு இஞ்ச தங்கட்டே?"

விமலேஸ்வரி சிறிதே நகர்ந்து, பாயில் இடம் விட்டாள். வெயில் ஏறிச் சாயும் வரையும் றாபியா அப்பாயில் அமர்ந்திருந்தாள். பொழுது மேற்கே இறங்குங்கால், அத்தனை நாளும் வறண்டிருந்த கண்கள் பெருக, றாபியாவின் தோளிற் சாய்ந்து விமலேஸ்வரி வாய்விட்டு அழுதாள்.

அவ்வினாவுக்கு விடை கிடைத்ததென்று யாம் கூறோம். கற்றோர்க்கும் அஃது எளிதன்று. விடையறியாத ஒருத்தி எழுந்து போகாது அருகே இருந்தாள். அத்துயரைச் சுமந்து மறுநாளைக் காண்பதற்கு விமலேஸ்வரிக்கு அதுவே துணையாயிற்று.