டிரம்ஸ் மட்டும்

நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஸ்டூல் மேல் ஏறி நின்று, முன்னறைச் சுவரில் தொங்கிய சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆணி லேசில் விடவில்லை. அவளே அடித்த ஆணி. தம்பி அதே அறையில், ஜன்னலோரம், திறந்த சவப்பெட்டிக்குள் கிடந்தான். வண்டி மதியத்துக்குமேல்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

"இப்பப் போயி அத எதுக்கு எடுக்கறீங்க? வர்றவங்க பாக்கட்டுமே," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். தம்பி கடைசிவரை அவர் ஸ்கூலில்தான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி அழுக்கா இருக்கு," என்றாள் அக்கா.

பச்சைப் பொய். ஃபிரேம் போடும் கடையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள் அவள். யார் யார் வீட்டுக் கல்யாணப் படத்துக்கோ கண்ணாடி வெட்டிய கை. சொந்த வீட்டில் அவள் மாட்டியது இந்த ஒன்றைத்தான். அதை வாரம் தவறாமல் துடைத்தும் வைத்தாள்.

உள்ளே இருந்தது ஒரு பத்திரிகைத் துண்டு. ஒரு காலத்தில் தம்பியும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். தம்பி டிரம்ஸ். அடிக்கிற அடிக்கு அவனை 'இடி' என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் போனபின் அவனை வளர்த்தவள் அக்காதான், கூடவே அந்த மூன்று தடியன்களுக்கும் வடித்துக் கொட்டினாள். எப்படியோ ஒரு ஸ்டுடியோவைப் பிடித்து ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். உறையில் எரிகிற லாரி. அது வெளிவந்த வாரம் அவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு விமர்சனங்கள் வந்தன. எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு என்றார் ஒருவர். லாரியை எரித்தவர்கள் ஆல்பத்தையும் அதில் ஏற்றியிருக்கலாம் என்றார் இன்னொருவர். பாடகனுடையது கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டவனின் குரல் என்று எழுதினார்கள். கடைக்காரர்கள் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே ஒருவர் மட்டும் இப்படி முடித்திருந்தார்: 'தப்பித்தது டிரம்ஸ் மட்டும். தயக்கமே இல்லாத கை. இவனுக்கு இந்தக் கும்பலில் என்ன வேலை?' அக்கா அன்றைக்கே அதை வெட்டி, நல்ல மரமாகப் பார்த்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். அந்த மாதமே டிரம்ஸை மூட்டை கட்டினான். தோற்ற வருத்தம், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, அந்த ஃபிரேமை எடுத்துடு. அதுல வாசிச்சது நான் இல்ல."

"என்னடா உளர்ற?"

"அடியெல்லாம் நான் போட்ட அடிதான். கைதான் என்னோடது இல்ல. எனக்கு எப்பவும் கொஞ்சம் இழுக்கும், அவனுங்க திட்டிக்கிட்டே இருப்பானுங்க. ரெக்கார்டுல அந்த இழுப்பே இல்ல. நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப ஸ்டுடியோவுக்கு வேற ஒரு டிரம்ஸ்காரன் வந்துட்டுப் போனான்னு வாட்ச்மேன் சொன்னாரு. என்னத் தூக்கிட்டு அவன வச்சு வாசிச்சிருக்கானுங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீ ஏண்டா கேக்கல?"

"அவனுங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

எவனுக்கோ கிடைத்த பாராட்டுக்குக் கீழே உட்கார்ந்து இத்தனை காலம் சாப்பிட்டிருக்கிறான். அதை மாட்டியவள் அவளல்லவா. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், ஆறுதலாக இருக்கட்டுமென்று சொல்லிவைத்தாள்: "எனக்கும் அப்புறம் சந்தேகமாத்தாண்டா இருந்துச்சு. உன் கை எனக்குத் தெரியாதா? அது நீ இல்லதான்."

அந்த இரைச்சலில் எது யார் கை என்று அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தம்பி அவளையே பார்த்தான். "அப்ப சரி," என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதனால்தான் இன்றைக்கு அந்தப் பாடகன் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். தம்பியின் பெட்டியை மூடுவதற்குள் பாடகன் வாயால் உண்மை வந்தாக வேண்டும்.

வந்தான். தோள்வரை தொங்கிய முடியெல்லாம் கொட்டி, தொப்பை வைத்து, டைல்ஸ் விற்கிறவனாக வந்தான். கக்கத்தில் அந்த எரிகிற லாரி. பெட்டியருகே நின்று அழுதுவிட்டு அவளிடம் வந்தான்.

"இது இடி கூடவே போகட்டும்கா. உள்ள வைக்கலாமா?"

"நீ முதல்ல இங்க வா," என்று தம்பியின் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கழற்றிய சட்டம் கட்டில்மேல் குப்புறக் கிடந்தது.

"இதுல யார்றா வாசிச்சது?"

"என்னக்கா கேக்கறீங்க?"

"நடிக்காத. என் தம்பிய எடுத்துட்டு எவன வச்சு வாசிச்சீங்க? நீயெல்லாம் எங்கையால தின்னவன்டா. இன்னிக்காவது உண்மையச் சொல்லு."

"யாரு சொன்னா அப்படி?"

"அவனேதான் சொன்னான். வேற ஒருத்தன் வந்தத வாட்ச்மேன் பாத்திருக்காரு."

பாடகன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "அவன் மாடியில வேற குழுவுக்கு வாசிக்க வந்தவன்கா. சிம்பல் ஸ்டாண்ட் உடைஞ்சுபோச்சுன்னு எங்களோடத இரவல் வாங்கிட்டுப் போனான். இதுல இருக்கறது மொத்தமும் இடிதான்."

"அவன் கை அவனுக்கே தெரியாதா?"

பாடகன் உறையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு மேல் சுருதி எட்டலக்கா. ரெக்கார்டிங்காரர்கிட்ட கெஞ்சினேன். டேப்பக் கொஞ்சம் வேகமா ஓட்டினா குரல் மேல ஏறிடும்னாரு. ஏத்திட்டாரு. குரலோட சேந்து எல்லாமே ஏறிடுச்சு, டிரம்ஸும்தான், அவன் இழுப்பு அதுல அமுங்கிப்போச்சு. கிட்டார்காரனுங்க கண்டுபிடிச்சுட்டானுங்க, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். இடிகிட்ட சொல்ல மட்டும் வாய் வரல. நீ இழுக்கற, நீ இழுக்கறன்னு அவன நிக்க வச்சுத் திட்டினவன் நான். என் குரலு எட்டலன்னு அவன்கிட்டயே எப்படிச் சொல்றது? அவன் ஒதுங்கினதும், என்னாலதான் ஆல்பம் ஊத்திக்கிச்சுன்னு கோவம் போலன்னு நெனச்சேன். ஒரு தடவ கேட்டிருக்கலாமேக்கா அவன்."

"செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்ல மாட்டான்ற தைரியத்துல பேசற."

பாடகன் எழுந்தான். மூலையில் தம்பியின் பழைய ரெக்கார்டு பிளேயர் துணி போர்த்தி இருந்தது. ஊரான் ஆல்பத்தையெல்லாம் அவன் அதில்தான் கேட்பான், இந்த ஒன்றைப் போட்டதில்லை. பாடகன் துணியை விலக்கி, இசைத்தட்டை வைத்து, ஊசியை இறக்கினான். அதே பழைய இரைச்சல். அதன் நடுவில் அவனுடைய கீச்சுக்குரல். பிறகு ஒரு விரலைத் தட்டின் விளிம்பில் மெல்ல வைத்தான்.

"இப்பக் கேளுங்க."

சத்தம் இறங்கியது. கீச்சுக்குரல் ஆண்பிள்ளைக் குரலாகித் திணறியது. அதற்கும் அடியில் டிரம்ஸ் கனத்தது. ஒவ்வொரு அடியும், வரலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கொஞ்சம் பிந்தி வந்தது.

இது அவளுக்குத் தெரியும். சாப்பாடு வரும்வரை மேஜையில் விரலால் தட்டுவான். குளியலறைக் கதவைத் தட்டுவான், எதிரே வண்டி வந்தால் டேஷ்போர்டில் தட்டுவான். எல்லாம் இதே இழுப்புதான். தினமும் காதில் விழுந்தும் அவள் கேட்காத ஒன்று. 'அது நீ இல்லதான்' என்று சாகக் கிடந்தவனிடம் சொன்ன வாய் அவளுடையது. அதை நம்பி, சரி என்று போய்விட்டான்.

தன் குரலைத் தானே கேட்கப் பொறுக்காமல் பாடகன் விரலை எடுத்தான். தட்டு விர்ரென்று வேகம் பிடித்தது. பழைய கீச்சு, பழைய யாரோ ஒருவனின் கை.

"எடுக்காத," என்றாள். அவனை நகர்த்திவிட்டு, கண்ணாடி கீறிக் கீறித் தழும்பேறிய தன் விரலை விளிம்பில் வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. "வண்டி வந்துடுச்சு," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர் வெளியிலிருந்து. "பெட்டிய மூடலாமான்னு கேக்கறாங்க."

"இருக்கச் சொல்லுங்க," என்றாள் அக்கா. "ரெக்கார்டு இந்தப் பக்கம் முடியட்டும்."

விரலை அவள் எடுக்கவில்லை.