லோரனுக்கு ஒரு லில்லி

மறந்தே போய்விட்டேன். கட்டிய புருஷனை மறக்க எனக்கு நான்கு வருடம் போதுமா?

தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து பாடியபோதும் மார்லிஸ் பாடல் புத்தகத்தைத் திறக்கவில்லை. பீடத்தின் படிகளில் ஈஸ்டர் லில்லித் தொட்டிகள் வெள்ளை வெளேரென்று நின்றன. ஒவ்வொன்றும் இறந்துபோன ஒருவரின் நினைவாக. தவக்காலத்திலேயே சபை அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட வேண்டும். கணவன் லோரனுக்காக வருடந்தவறாமல் கொடுத்தவள்தான். இந்த முறை, பெயர் கொடுக்கும் கடைசி வெள்ளிக்கிழமையன்று, சபையின் மீன் வறுவல் விருந்தில் பம்பு ரிப்பேர் பார்க்கும் டுவெயினோடு உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்று காலை கோட்டுப் பொத்தானைப் போடும்போதுதான் நினைவே வந்தது.

பக்கத்தில் மாமியார் ஆர்டிஸ். மகனின் பெயர் வாசிக்கப்படும் அந்த ஒரு நொடிக்காகவே இடுப்பு வலியோடு வந்திருக்கிறாள். சொல்லிவிடலாமா?

அதற்குள் போதகர் பெயர்ப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். டுவெயினின் மறைந்த மனைவி ஜாய்ஸின் பெயர் வந்தது. அதை அடுத்து, "லோரன் ஹாக்கன்சன்."

ஆர்டிஸ் அவள் கையை அழுத்தினாள். "நீ மறக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்டி."

முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் அவளை அதிகம் கூசவைத்தது.

ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த தோழி பெவர்லி கண்ணடித்தாள். "காபி சாக்குல உன்னைத் தேடித் தேடியே டுவெயின் மூணு கப் குடிச்சாச்சு. இன்னொண்ணு குடிச்சா நெஞ்சு வெடிச்சிரும், சீக்கிரம் போ!"

கோட்டு மாட்டும் இடத்தில் டுவெயின் தும்மிக்கொண்டு நின்றான். லில்லி வாசனை அவனுக்கு ஆகாது.

"நீங்கதானே?" என்றாள்.

"ஜாய்ஸ் பேரைக் கொடுக்கப் போனேன். லோரன் பேரைக் காணோம். அப்படியே விட்டுட்டு வர மனசு வரல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ உடைஞ்சு போயிருப்பே. நீ கொடுத்ததாவே இருக்கட்டும், மார்லிஸ். அந்தம்மாவுக்கு ஒரு சந்தோஷம். என்ன கெட்டுப்போச்சு?"

என்ன கெட்டுப்போனது என்று அவளுக்கல்லவா தெரியும். அவன் மனத்தில் ஜாய்ஸுக்கும் இடமிருந்தது, அவளுக்கும் இடமிருந்தது; லோரனுக்குக்கூட இருந்தது. தன் மனத்தில் மட்டும் ஒருவர் உள்ளே வந்ததும் இன்னொருவர் வெளியே போய்விட்டாரே என்று நினைத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மினசோட்டாப் பனி ஏப்ரலிலும் கரையவில்லை. மார்லிஸ் லோரனின் லில்லித் தொட்டியை அணைத்துக்கொண்டு அவன் கல்லறைக்கு நடந்தாள். ஆர்டிஸ் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"ஊர்ல வாய்க்கு வந்ததப் பேசுறாங்க. அந்தப் பம்பு ரிப்பேர்காரனோட நீ சுத்துறியாம். இந்தப் பூவைப் பார்த்தப்புறம்தான் என் மனசு ஆறுச்சு."

மார்லிஸ் நின்றாள். "அத்தை, இது நான் கொடுத்த பூ இல்ல. நான் மறந்துட்டேன். டுவெயின்தான் கொடுத்தார்."

ஆர்டிஸ் கையை எடுத்துக்கொண்டாள். "மறந்துட்டியா."

"ஆமா."

"பேர் கொடுக்குற அன்னைக்கு எங்க இருந்தே?"

"அவரோட."

கிழவி கையுறையைக் கழற்றி ஒரு இதழைத் தொட்டாள். "நல்லவனாத்தான் இருக்கான், பாவி."

திட்டியிருந்தால் மார்லிஸ் தாங்கியிருப்பாள்.

"உன்னைக் கட்டிப்போட எனக்கென்ன உரிமை இருக்கு?" ஆர்டிஸின் குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் கண்ணை மூடுற வரைக்கும் அவனைக் கட்டிக்கச் சரின்னு சொல்லிடாதே. இன்னும் எவ்வளவு நாள் இருக்கப் போறேன்? அதுவரைக்கும் என் லோரன் பொண்டாட்டியாவே இருடி."

தலையாட்டிவிட அவள் மனம் துடித்தது. மறந்த குற்றத்துக்கு இதைவிடச் சுலபமான பரிகாரம் உண்டா? ஆனால் தலையாட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. நாளை காலையிலிருந்தே, தன்னையும் அறியாமல், இந்த மனுஷியின் சாவுக்காகக் காத்திருப்பாள்.

தொட்டியைப் பனியில் இறக்கி வைத்தாள். ஆர்டிஸின் குளிர்ந்த விரல்களைப் பிடித்து, கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிவிட்டாள்.

"இல்ல அத்தை," என்றாள் மெல்ல. "அது மட்டும் என்னால முடியாது."