கால் என்ன கலர்?

"பாத்தியா?" என்று அக்கா கேட்டபோது, தம்பி தொலைநோக்கியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். சாரல் ஒரு பக்கம், அவன் மூச்சுக்காற்றே இன்னொரு பக்கம்; ஏரி முழுக்க ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிறவனுக்கு ஒரு பறவை தெரியவில்லை என்று வெளியே சொன்னால், கடையை மூட வேண்டியதுதான்.

"பாத்தேன்கா."

"கால் என்ன கலர்?"

"சிவப்பு."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது.

"செவப்புக்கால் தினமும் வர்றதுடா. இது விருந்தாளி. புளுகுறதுன்னாலும் பாத்துட்டுப் புளுகு."

"அப்ப என்ன கலர்னு சொல்லு."

"மாட்டேன். நீயே பாரு."

அக்கா பஸ் ஓட்டியவள். பாலத்தில் கொக்கு நடந்தால் ஹாரன் அடிக்காமல் வண்டியை நிறுத்திவிடுவாள். பயணிகள் அந்த இடத்துக்கு 'கொக்கு ஸ்டாப்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பறவை பார்க்கும் கூட்டாளிகளுக்கு அவள் போட்ட சட்டம் ஒன்றுதான்: இரண்டு பேர் பார்த்தால்தான் பறவை, ஒருத்தர் மட்டும் பார்த்தால் அது கனவு. போன குளிர்காலத்தில் இதே விருந்தாளியை அவள் தனியாகப் பார்த்தாள். "உங்களை நம்பாம யாரை நம்புறது?" என்று கூட்டாளிகள் கெஞ்சியும், அவளே அதைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

இன்று, படுக்கையைவிட்டு எழவே கூடாது என்று மருத்துவர் சொன்ன இதயத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். மழைக்குப் பயந்து கூட்டாளிகள் யாரும் வரவில்லை. வாய்த்த இரண்டாவது ஆள் இவன்.

அவன் மறுபடி குனிவதற்குள் பறவை நாணலுக்குள் போய்விட்டது.

"போகட்டும். நாளைக்கும் இங்கதான் இருக்கும்" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

திரும்பும் வழியில், கார் மேட்டில் முனகியது.

"கியரை மாத்துடா. வண்டி அழுவுது."

"உத்தரவு, டிரைவரம்மா."

அடுத்த மேட்டிலும் வண்டி முனகியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த மேட்டில், அவன் வேண்டுமென்றே கியரை மாற்றாமல் ஓட்டிப் பார்த்தான். எஞ்சின் கதறியது.

வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

மறுநாள் காலை, வீட்டுக் கூடத்தில் ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அவன் தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த குவியலில் தன் செருப்பைத் தேடினான். அக்கா மகள் பின்னாலேயே வந்தாள்.

"இந்த மழையில எங்க மாமா?"

"உங்கம்மா ஒண்ணு கேட்டா. தப்பா சொல்லிட்டேன். சீக்கிரம் வந்துடுறேன்மா."

வீங்கிய கண்களால் அவனையும் தொலைநோக்கியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மூச்சைப் பிடிச்சிட்டுப் பாருங்க மாமா. இல்லன்னா கண்ணாடியில ஆவி படிஞ்சிடும். கண்ணாடிக் கடைக்காரனுக்கே இது தெரியலன்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

ஏரிக்கரை பெஞ்சில் ஓரமாக, அக்காவுக்கு இடம் விட்டே உட்கார்ந்தான். விருந்தாளி வயிறுவரை தண்ணீரில் நின்றது. காலைக் காட்டும் உத்தேசமே அதற்கு இல்லை. இஸ்திரி போட்ட சட்டைக்குள் மழை இறங்கியது. அவன் மூச்சைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான்.

பறவை சாவகாசமாகச் சேற்றில் ஏறியது.

"மஞ்சள்" என்றான், பக்கத்து இடத்தைப் பார்க்காமல்.

திரும்பும்போது மேடு வந்தது. வண்டி முனகுவதற்கு முன்பே கியரை மாற்றினான்.